விட்டுப்போன நான்கு கிலோமீட்டர்

பசுமை ரயில் பாதையைத் துண்டு துண்டாக நடந்தவர்கள் நம்மில் பலர். நடக்காமல் விட்ட துண்டுக்குத் திரும்பிப் போனால் என்ன கிடைக்கும்?

"பசுமை ரயில் பாதையில் நடந்திருக்கிறீர்களா?" என்று சிங்கப்பூரில் யாரிடம் கேட்டாலும், "ஓ, போயிருக்கிறோமே!" என்ற பதில்தான் வரும். "முழுவதுமா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் புக்கிட் தீமா இரும்புப் பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார். இன்னொருவர் தங்ளின் ஹால்ட் பக்கம் பிள்ளையின் சைக்கிளுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடியிருப்பார். கிராஞ்சியில் உற்சாகமாகக் கிளம்பிய நண்பர்கள் கூட்டம் ஒன்று, இடி மின்னல் வந்ததும் புக்கிட் பாஞ்சாங்கில் தே தாரேக் குடித்துவிட்டு வீடு திரும்பியிருக்கும்.

தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே கிராஞ்சி வரை 24 கிலோமீட்டர். உலகத்தின் நெடும்பாதைகளோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனாலும் நம் வெயிலில், நம் மழையில், குடும்பத்தோடு ஒரே மூச்சில் நடந்து முடிப்பது எளிதல்ல. அதனால் எல்லோரிடமும் ஒரு துண்டு பாக்கி இருக்கும். "மிச்சத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருப்போம். அந்த இன்னொரு நாள் சுலபத்தில் வருவதில்லை.

எங்கள் வீட்டில் அது வருவதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

துண்டு துண்டாக நடந்தாலும் நடைதான்

நெடுந்தூர நடைப் பயணிகளிடையே, விட்ட துண்டுக்குத் திரும்பிப் போவது பழைய வழக்கம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மெய்ன் மாநிலம் வரை, 14 மாநிலங்களைக் கடந்து, ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீள்கிறது. அதை ஒரே பயணமாக நடக்க ஐந்து, ஆறு மாதங்கள் பிடிக்கும். வேலை, குடும்பம் என்று இருப்பவர்களால் அது முடிகிற காரியமா? அவர்கள் ஒவ்வோர் ஆண்டு விடுமுறையிலும் ஒரு துண்டு நடக்கிறார்கள். சிலர் முடிக்கப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகின்றன.

அந்தப் பாதையைப் பராமரிக்கும் அமைப்பு, முழுப் பாதையையும் நடந்தவர்களின் பெயர்களைப் பதிவு செய்கிறது. எந்த வரிசையில் நடந்தீர்கள், எத்தனை ஆண்டுகள் எடுத்தீர்கள் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. ஒரே மூச்சில் முடித்தவருக்கும் துண்டு துண்டாக முடித்தவருக்கும் ஒரே மரியாதைதான். 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி அந்தப் பாதையின் தெற்குப் பகுதியைச் சிதைத்தபோது, நீண்ட தூரம் மூடப்பட்டது. அப்படி மூடப்படும் துண்டுகளைத் தாண்டிப் போகிறவர்கள், திறந்த பிறகு அதற்கென்றே திரும்பி வந்து நடப்பதுண்டு.

அதே பாதையில் மறக்க முடியாத பெயர் எம்மா கேட்வுட். 11 பிள்ளைகளுக்குத் தாய். 1954ல் நடக்கத் தொடங்கி, வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, வீடு திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் போய் முழுப் பாதையையும் தனியாக நடந்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 67. பிறகு இன்னொரு முறை முழுதாக நடந்தார். மூன்றாவது முறை மட்டும் துண்டு துண்டாக நடந்தார்.

ஜப்பானின் ஷிகோக்கு தீவில் 88 கோயில்களைச் சுற்றி வரும் யாத்திரைப் பாதை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அங்கே ஒரே பயணமாகச் சுற்றுவதற்கு ஒரு பெயர், பகுதி பகுதியாகச் சுற்றுவதற்கு வேறு பெயர். பகுதி பகுதியாகப் போவதைக் 'குகிரி உச்சி' என்கிறார்கள். போன முறை எந்தக் கோயிலோடு நிறுத்தினார்களோ, அதற்கு அடுத்த கோயிலிலிருந்து இந்த முறை தொடங்குவார்கள். யாத்திரைக்கே அப்படி ஒரு வழி இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை நடைக்கு இருக்கக்கூடாதா?

108 ஆண்டுகள் ஓடிய ரயில்

நம் பாதையின் கதைக்கு வருவோம். சிங்கப்பூரில் முதல் ரயில் ஓடியது 1903ல். அப்போது தேங்க் ரோட்டிலிருந்து நியூட்டன், புக்கிட் தீமா வழியாக உட்லண்ட்சுக்குப் போனது. அங்கிருந்து படகில் ஜோகூர் பாரு. 1923ல் ஜோகூர் பாலத்தின் மீது ரயில் ஓடத் தொடங்கியதும் படகுக்கு வேலை இல்லாமல் போனது. 1932ல் நகரப் பகுதியின் பழைய தடம் கைவிடப்பட்டு, தஞ்சோங் பகாருக்குப் புதிய தடம் போடப்பட்டது. தஞ்சோங் பகார் நிலையம், இப்போதிருக்கும் புக்கிட் தீமா நிலையம், இரண்டு பெரிய இரும்புப் பாலங்கள் எல்லாம் அந்த ஆண்டின் வேலை.

மலாயாவின் ரயில் பாதைகளில் மண் வெட்டியவர்கள், கட்டை சுமந்தவர்கள், தண்டவாளம் பார்த்தவர்கள் என்று தமிழர் உழைப்பு நிறையவே உண்டு. அதன் அடையாளம் பாதைக்கு அருகிலேயே இருக்கிறது. காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தை ஒட்டி வாழ்ந்த ரயில்வே தொழிலாளர்கள் 1932ல் எழுப்பிய சின்னக் குடிசையில் தொடங்கியது. இப்போதைய இடத்துக்கு 1998ல் வந்தது. தெற்குப் பகுதியில் நடப்பவர்கள் பாதையிலிருந்து சற்று விலகி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.

2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அதை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். இன்று அவர் மலேசியாவின் மாமன்னர். மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது. தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. நடுவே குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை, பாதையை மேம்படுத்தும் வேலை என்று ஒவ்வொரு பகுதியாக மூடப்பட்டுத் திறந்தது. மத்தியப் பகுதி, அதாவது ஹில்வியூ சாலைக்கும் புக்கிட் தீமா நிலைய வட்டாரத்துக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 4 கிலோமீட்டர், 2021 மார்ச்சில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

எங்கள் பாக்கிக் கணக்கு

என் அப்பா குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இளம் வயதில் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவர், பாட்டியைப் பார்க்க மாதம் ஒரு முறையாவது ரயில் ஏறுவாராம். வேலை முடிந்து சனிக்கிழமை இரவு வண்டி. ஞாயிறு முழுக்கத் தோட்டத்தில். அன்றிரவே திரும்பி, திங்கள் காலை வேலை.

ரயில் நின்று, தண்டவாளமும் போன பிறகு, "அந்தப் பாதையை நடந்து பார்க்கணும்மா" என்று அவர்தான் ஆரம்பித்தார். 2015ல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்குப் பகுதியையும் தெற்குப் பகுதியையும் முடித்தோம். வடக்கே கிராஞ்சியிலிருந்து ஹில்வியூ வரை. தெற்கே கம்போங் பாரு பக்கத்திலிருந்து புக்கிட் தீமா நிலையத்துக்குச் சற்று முன்பு வரை. அன்று நல்ல மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே நிறுத்திக்கொண்டோம். நடுவில் ஒரு நான்கு கிலோமீட்டர் பாக்கி.

பிறகு அங்கே வேலை தொடங்கி வேலி போட்டார்கள். வேலி அகன்ற நேரத்தில் கிருமிப் பரவல் காலம். அதன் பிறகு அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. எனக்குக் கைக்குழந்தை. குடும்ப விருந்துகளில் யாராவது ரயில் பாதையைப் பற்றிப் பேசினால் அப்பா, "நான் நடந்திருக்கேன்" என்பார். சற்று நிறுத்தி, "நடுவுல கொஞ்சம் பாக்கி" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

2025 பிப்ரவரியில் ஹியூம் எம்ஆர்டி நிலையம் திறந்தது. அங்கிருந்து பாதை மிக அருகில். அப்பாவின் முழங்காலுக்கு அந்த வித்தியாசமே போதுமானதாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா, நான், என் ஏழு வயது மகன் மூவரும் கிளம்பினோம். அப்பாவின் கையில் ஊன்றுகோல். மகனின் பையில் தண்ணீர், நெற்றிலிப் பொரியல் வைத்த நாசி லெமாக் பொட்டலம் மூன்று.

இரண்டு பாலங்களுக்கு நடுவே

மேல் புக்கிட் தீமா சாலைக்கு மேலே இருக்கும் இரும்புப் பாலத்தில் ஏறியதும் அப்பா நின்றுவிட்டார். களைத்துவிட்டாரோ என்று நான் பயந்தேன். அவர் ஊன்றுகோலால் பாலத்தின் இரும்பைத் தட்டினார்.

"இதுதான் ரெண்டாவது பாலம்," என்றார்.

"ஏன் தாத்தா, இப்பதானே ஒன்னாவது பாலத்துக்கே வந்தோம்?" என்றான் என் மகன்.

"நீ இந்தப் பக்கமிருந்து வர்ற. நாங்க தஞ்சோங் பகார்லேருந்து வருவோம். புக்கிட் தீமா ஸ்டேஷன் தாண்டினதும் முதல் பாலம். இரும்பு கடகடன்னு அதிரும். அப்புறம் சத்தம் அடங்கிடும். கொஞ்ச நேரம் ஒன்னுமே தெரியாது. மறுபடியும் கடகடன்னு அதிரும். இது ரெண்டாவது பாலம். இதைத் தாண்டினா ஊர் எல்லைக்கு வந்துட்டோம்னு ஒரு நினைப்பு."

"நடுவுல என்ன இருக்கும் தாத்தா?"

"தெரியாதுய்யா. எப்பவும் இருட்டுதான். கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியும்."

நூறு முறைக்கு மேல் அந்த வழியே போன மனிதர், அந்த நான்கு கிலோமீட்டரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பத்து ஆண்டுகளாக அவர் ஏன் அந்த பாக்கியை மறக்கவில்லை என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. பாட்டி இறந்த செய்தி வந்த அன்றும் இதே இரவு வண்டியில்தான் போனாராம். அன்று கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரையை இழுத்துவிட்டாராம். இதை என்னிடம் அவர் அதுவரை சொன்னதே இல்லை. மகனிடம் கதை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே நடந்தார். நான் பின்னால் நடந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த இருட்டுக்குள் இருந்தது காடு. இடப்பக்கம் முழுக்கப் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி. தரை இறுகிய மண்ணும் புல்லுமாக, முழங்காலுக்கு இதமாக இருக்கிறது. ரயில் ஏறிய தடம் என்பதால் செங்குத்தான ஏற்ற இறக்கம் கிடையாது. பாரம் இழுக்கும் ரயிலுக்காக மேட்டைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் சமன் செய்த வழி அது. வயதானவர்களையும் தள்ளுவண்டிக் குழந்தைகளையும் அழைத்துப் போக ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பழைய உழைப்புதான். இந்த மண்ணை யார் வெட்டியிருப்பார்கள் என்று அப்பா சொல்லத் தேவையிருக்கவில்லை.

நான்கு கிலோமீட்டருக்கு எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. எங்களைத் தாண்டி ஓடியவர்கள் பலர். அப்பா ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்த்தார். பார்க்காமல் விட்டதை எல்லாம் பார்க்கிறாராம்.

சாவியை மாற்றிக்கொண்ட நிலையம்

இரண்டாவது பாலம் (அப்பாவின் கணக்கில் முதல் பாலம்) தாண்டியதும் புக்கிட் தீமா நிலையம். செங்கல் கட்டடம், பலகைப் பெயர், மேடைக்கு முன்னால் விட்டுவைத்த தண்டவாளம். 2022ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். ஊழியர் குடியிருப்பாக இருந்த வீடு இப்போது காப்பிக் கடை.

இந்தச் சின்ன நிலையத்துக்கு ஒரு பெரிய வேலை இருந்தது. பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்க இங்கே ஒரு கிளைத் தடம் இருந்தது. அடுத்த பகுதிக்குள் நுழைய ரயில் ஓட்டுநரிடம் அந்தப் பகுதிக்குரிய 'டோக்கன்' இருக்க வேண்டும். சாவி போன்ற ஓர் உலோகத் துண்டு அது. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே எடுக்க முடியும். டோக்கன் இல்லாத ரயில் நகரக்கூடாது. ஆகவே ஒரே தடத்தில் இரண்டு ரயில்கள் மோத வழியில்லை. நிலைய ஊழியர் வளையத்தில் மாட்டிய டோக்கனை நீட்ட, ஓடும் ரயிலிலிருந்து எட்டி வாங்கிக்கொள்வார்கள். கணினிக் காலத்திலும், 2011ல் கடைசி நாள் வரையிலும் இங்கே அந்த முறைதான்.

மேடையில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தோம். இன்னொரு விநோதத்தையும் அப்பா பேரனுக்குச் சொன்னார். சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை 1998ல் உட்லண்ட்சுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியாவின் சோதனையோ தஞ்சோங் பகாரிலேயே தொடர்ந்தது. ஆக, பயணிகள் முதலில் மலேசியாவுக்குள் 'நுழைந்து', அதற்குப் பிறகுதான் சிங்கப்பூரை விட்டு 'வெளியேறினார்கள்'. "அப்ப நடுவுல நீங்க எந்த நாட்டுல இருந்தீங்க தாத்தா?" என்று மகன் கேட்டதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை.

நீங்கள் விட்ட துண்டுக்குப் போகுமுன்

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாக்கி இருந்தால், எங்கள் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்.

எங்கே நிறுத்தினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். ஒரு படம் எடுத்தாலும் போதும். திரும்பிப் போகும்போது அதற்கு ஓர் அரை கிலோமீட்டர் முன்பே தொடங்குங்கள். நடந்த இடமும் நடக்காத இடமும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஏன் விட்டீர்கள் என்று பாருங்கள். பாதை மூடியிருந்தால், கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். வெயிலால் விட்டிருந்தால் காலை 7 மணிக்கே தொடங்குங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் இரும்புப் பாலத்திலும் திறந்தவெளியிலும் நிற்காதீர்கள். இன்னொரு முறை வரலாம்.

தூரத்தைக் கூட வருபவரின் காலுக்கு ஏற்ப வெட்டுங்கள். மத்தியப் பகுதிக்கு ஹியூம் எம்ஆர்டியில் இறங்கி, கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் முடிக்கலாம். நடுவில் களைத்தால் பியூட்டி வொர்ல்ட் பக்கம் வெளியேறலாம். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும்.

குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பைகளைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், பையைப் பார்த்தாலே அவை வரும். வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

எல்லாவற்றையும்விட, அந்த வழியை வேறு காலத்தில் அறிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். தாத்தா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அங்கிள், யாராக இருந்தாலும் சரி. ரயிலில் வேலை பார்த்தவர்களும், அதில் பயணம் செய்தவர்களும், தண்டவாளத்தை ஒட்டி வாழ்ந்தவர்களும் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தகவல் பலகையில் ஆண்டும் அளவும் கிடைக்கும். பாலத்தின் சத்தத்தை வைத்து இருட்டில் ஊரைக் கண்டுபிடித்த கதை அவர்களிடம்தான் கிடைக்கும். அவர்கள் முழங்கால்கள் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

எங்கள் கணக்கும் இன்னும் தீரவில்லை. நாங்கள் நடந்தபோது, தெற்கு முனையில் பழைய தஞ்சோங் பகார் நிலையம் கேண்டன்மண்ட் எம்ஆர்டி நிலையக் கட்டுமானத்துக்காக மூடியே இருந்தது. பயணச்சீட்டு வாங்கி, பாட்டிக்குப் பலகாரப் பொட்டலத்தோடு அப்பா ரயில் ஏறிய மேடை அங்கேதான் இருக்கிறது. அது திறக்கும் தேதி அறிவிக்கப்பட்டால் சொல்லச் சொல்லியிருக்கிறார். செய்தி அறையில் இருப்பவள் நான்தானே, எனக்குத்தான் முதலில் தெரியுமாம்.